யார் பாரத்தை யார் சுமப்பது?



2008-ம் வருஷம் டிசம்பரில் தொடங்கிய 'டூர் ஆப் நீல்கிரிஸ்' சைக்கிள் பயணத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாள்கணக்காய் மலைப்பாதையில் மிதிப்பார்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள்!

சமவெளியில் ஒருவர் பின்னால் ஒருவர் போவார்கள். முன்னால் போகிறவர் காற்றைத் தாங்குவார். பின்னால் வருகிறவருக்குப் பாரம் குறையும். நம்ம வீராணம் ஏரிக்கரையில் எதிர்காற்றில் மிதித்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைந்துவிடும். அங்கே எதிர்ப்பது காற்றல்ல, அவரவர் பாரம். முன்னால் யார் போனாலும் பெரிய பிரயோஜனமில்லை.

கலாத்தியர் 6-ம் அதிகாரத்தில் பவுல், 2-ம் வசனத்தில் பிறர் பாரத்தைச் சுமக்கச் சொல்லி, 5-ம் வசனத்தில் அவரவர் பாரம் அவரவருக்கே என்கிறார். முரண்பாடா? இல்லை. மூல கிரேக்க பாஷையில் இரண்டும் வேறு வேறு வார்த்தைகள்.

ஒரு சகோதரர், "பாஸ்டர், வரப்புச் சண்டையில அண்ணன்கிட்ட பேச்சே இல்ல. நீங்களே போய்ப் பேசிடுங்க" என்றார். உபவாசித்து ஜெபித்தேன். அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் கூடவே போனேன். அதுவரை சமவெளி. "அண்ணே, மன்னிச்சிடுங்க" என்ற ஏற்றத்தை அவர்தான் மிதிக்க வேண்டியிருந்தது. வெகுநேரம் நின்றார். நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் சொன்னார்!

தேவபிள்ளையே, சபை உனக்காக ஜெபிக்கும். உனக்குப் பதிலாக மனந்திரும்ப முடியாது. ஏற்றத்தில் பெலன் தருகிறவர் கர்த்தர். நீ இன்று எந்த வாசலில் நிற்கிறாய்?

மாரநாதா!