செயற்கைப் பனியும் கலையின் வாய்மையும்: ஓர் அறவியல் நோக்கு

கலை உலகைப் போலச் செய்கின்றது என்னுங் கருத்து மிகப் பழையது. எனினும், போலச் செய்யப்பட்ட ஒன்று எப்பொழுது உண்மையாகின்றது, எப்பொழுது பொய்யாகின்றது என்னும் வினா இன்னுந் தீர்ந்துவிடவில்லை. பேரிலக்கியங்களையும் பெருஞ் சிற்பங்களையும் முன்வைத்தே இவ்வினா பெரும்பாலும் ஆராயப்படுகின்றது. ஆயின், சிறியதொரு கைவினையும் அதனைத் தெளிவாக எழுப்பவல்லது. மேலைநாடுகளிலும் யப்பானிலும் பலர் ஈடுபட்டுவரும் சிற்றுருக் கலை அத்தகையது. போர்வீரர், ஊர்திகள், வீடுகள் முதலியவற்றைக் குறித்ததோர் அளவிற் சுருக்கி, நிலக்காட்சியொன்றைக் காட்டும் பீடத்தின் மீது அமைப்பதே இக்கலை. அப்பீடத்தில் வெண்பனி படிந்த தோற்றத்தை உண்டாக்குவது அதன் கடினமான பணிகளுள் ஒன்று. தமிழிற் 'பனி' என்னுஞ் சொல் புல்நுனித் துளியையும் மூடுபனியையுங் குறிக்குமாதலின், வானிலிருந்து படிகமாக விழுவது ஈண்டு வெண்பனி எனப்படுகின்றது.

உருகாமற் காக்கும் வழியுண்டாயின், உண்மையான வெண்பனியையே பீடத்தின் மீது தூவிவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். அதனினும் உண்மையானது வேறு யாது இருக்க முடியும்? ஆனால் இவ்யோசனை கணக்கில் தோற்றுவிடுகின்றது. போர்க்காட்சிகளுக்குப் பெரிதுங் கையாளப்படும் அளவு 1:35 ஆகும். இவ்வளவில் ஒரு மனிதன் ஏறத்தாழ 5 செ.மீ. உயரமுடையவன். 3 மி.மீ. அகலமுள்ள உண்மையான பனித்துகளொன்று அவனருகே வீழின், அது அவனுக்கு 10 செ.மீ. அகலமான கட்டியாகவே அமையும். அளவு பிசகாத துகள் வேண்டுமாயின் அது ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கிலும் சிறிதாதல் வேண்டும். ஆகவே, அச்சிற்றுலகில் உண்மைப் பனியே பொய்ப் பனியாகிவிடுகின்றது. அரைத்த கண்ணாடித் தூளோ, சலவைக்கல் தூளோ, அப்பச்சோடாவோ உண்மைக்கு அதனினும் அண்மையில் நிற்கின்றது.

பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில், ஓவியன் தீட்டும் கட்டில் உண்மையினின்றும் மூன்றாம் படியில் நிற்பது என வாதிடுகின்றார். அவ்வாதத்தின்படி, அப்பச்சோடாவைத் தூவி வெண்பனி என்று காட்டுபவனும் தோற்றத்தை விற்பவனே. ஆனால் அவரே 'சோபிஸ்ற்' என்னும் உரையாடலில் நுண்மையானதொரு வேறுபாட்டை எடுத்துக்காட்டுகின்றார். மூலத்தின் அளவுகளை அவ்வாறே பேணுவது ஒருவகை. காண்போன் கண்ணுக்குச் சரியாகத் தோன்றுமாறு அவற்றை மாற்றுவது மற்றொருவகை. பெருஞ் சிலைகளின் மேற்பகுதி தூரத்தாற் சிறுத்துத் தோன்றுமாதலின் சிற்பிகள் அதனை மாற்றியமைப்பர் என்பது அவர் தருஞ் சான்று. இவ்விரண்டாவது வகையை அவர் ஐயத்துடனேயே நோக்கினார். சிற்றுருக் கலைஞனின் நிலை அவ்வையத்தைத் தளர்த்துகின்றது. பொருளைக் கைவிட்டாலன்றி அளவைப் பேணுதல் அவனுக்கு இயலாது.

அவ்வாறாயின் அவன் எதற்கு உண்மையாக இருத்தல் வேண்டும்? வெண்ணிறத்துக்கு என்றால் அதுவும் போதாது. பனிப்படிகம் தன்னளவில் நிறமற்றது. ஒளி ஊடுருவிச் செல்ல இடந்தருவது. எண்ணற்ற படிகங்களின் பரப்புகளில் ஒளி சிதறுவதாலேயே வெண்மை தோன்றுகின்றது. ஆழ்ந்த பனியினூடு செல்லும் ஒளியிற் செந்நிறம் கூடுதலாக உறிஞ்சப்படுவதால், அதன் குழிகளில் இலேசான நீலந் தென்படும். இதனாலேயே வெள்ளை வர்ணம் பூசிய பீடம் பனி மூடிய நிலமாகாது சுண்ணாம்பு பூசிய தரையாகக் காட்சியளிக்கின்றது. அப்பச்சோடாவைப் பசையிற் குழைத்திடுவது மலிவான வழி. நாட்செல்ல அது மஞ்சளித்துவிடுவதுண்டு. நுண்ணிய கண்ணாடித் துகள்களை ஒளிபுகும் பசையிற் கலந்திடுவோர் வெண்ணிறம் பிறக்கும் முறையையே போலச் செய்கின்றனர்.

வினாவுக்கான விடையின் ஒரு பகுதி இங்கே கிட்டுகின்றது. கலைஞன் பேணவேண்டியது காரண காரியத் தொடர்பை. பனி மேலிருந்து விழுவது. ஆதலாற் கூரையின் மீது படியும், இறவாரத்தின் கீழ்ப் படியாது. காற்று வீசிய திசைக்கேற்ப மதிலின் ஒரு பக்கத்திற் குவியும். ஓடிவந்து நின்ற யுத்த தாங்கியின் இயந்திர மூடியில் உருகியிருக்கும். சக்கரத் தடத்திற் சேற்றுடன் கலந்து கபில நிறமாகும். வீரனின் சப்பாத்து அமிழாது பனியின் மேல் நிற்குமாயின், துகள் ஒவ்வொன்றுஞ் சரியாயிருப்பினும், அவன் அந்தரத்தில் மிதப்பவனாகவே தோன்றுவான்.

இத்தொடர்பு பனிக்கும் இரும்புக்குமிடையே நிலவுவது போன்றே பனிக்கும் மனிதனுக்குமிடையேயும் நிலவுகின்றது. அறவியல் வினா எழுவது இவ்விடத்திலேயாம். வெண்பனிப் பீடங்களில் அடிக்கடி இடம்பெறுவன இரண்டாம் உலகப்போரின் குளிர்காலங்கள். ஸ்டாலின்கிராட் அவற்றுள் ஒன்று. 1942 நவம்பர் 19இல் தொடங்கிய சோவியத் எதிர்த்தாக்குதல் சில நாள்களிலேயே ஜேர்மனிய ஆறாம் படையைச் சூழ்ந்துகொண்டது. போதிய குளிருடையும் உணவுமின்றி அடைபட்ட அப்படையின் எஞ்சியோர் 1943 பெப்ரவரி 2ஆம் நாளுக்குட் சரணடைந்தனர். சிறைப்பட்ட ஏறத்தாழ 91,000 பேருள் நாடு திரும்பியோர் ஏறத்தாழ 6,000 பேரே. அவர்கள் பிறர் நாட்டினுட் படையெடுத்துச் சென்றோர் என்பதும், அந்நகரின் குடிமக்களும் அதே குளிரில் வாடினர் என்பதும் உடன் மனங்கொள்ளத்தக்கன. போருக்குப் பின் ஜேர்மனியத் தளபதிகள் சிலர் கிழக்கு முனைத் தோல்விக்குக் குளிர்காலத்தைக் காரணங் கூறினர். அக்கூற்றில் வெண்பனி இறந்தோரை மூடியதோடமையாது பொறுப்பையும் மூடிவிடுகின்றது.

பீடத்தின் பனியும் அதே வேலையைச் செய்யக்கூடும். இடைவெளிகளையும் பிழைகளையும் பனி தூவி மறைப்பது இக்கலைஞர்க்கு வாய்த்த ஒரு வசதி. மனிதத் துயரையும் அவ்வாறே மறைத்துவிடலாம். சீருடை கசங்காது நிமிர்ந்து நிற்கும் வீரனைச் சூழத் தூய பனி மின்னுமாயின், அது நத்தார் வாழ்த்து அட்டையின் பனி, ஸ்டாலின்கிராட்டுக்கு உரியதன்று.

பொழுதுபோக்கொன்றின் மீது இத்துணைப் பாரத்தைச் சுமத்துதல் தகுமோ என வினவலாம். பிணங்களைக் காட்டியே தீரவேண்டுமென எவரும் வற்புறுத்தார். அவலத்தைக் கண்காட்சியாக்குதலும் ஒரு தீங்கே. ஆனால், நேரிற் காண வெறுக்கும் பொருள்களையும் துல்லியமாகப் போலச் செய்தவிடத்து மனிதர் கண்டு மகிழ்வர் என்றும், அறிதல் இன்பந் தருவதே அதற்குக் காரணம் என்றும் அரிஸ்டோட்டில் தமது 'கவிதையியல்' நூலிற் கூறுகின்றார். அவ்வின்பத்துக்கு நியாயம் அறிதலாயின், எதனையும் அறிவிக்காத பனிக்கு அந்நியாயம் இல்லை. அறிவிப்பதற்குப் பெருஞ் சாதனங்கள் தேவையில்லை. குறுகிய தோள்கள், கந்தை சுற்றிய கால்கள், கைவிடப்பட்ட ஓர் ஊர்தி என்பனவே போதும்.

இவ்வகையில் நோக்குமிடத்து, போலச் செய்தலின் வாய்மை பொருளொற்றுமையில் தங்கியிருக்கவில்லை. செய்யப்பட்ட ஒன்று தன்னைச் சூழ்ந்தவற்றின் மீது விளைவிக்கும் விளைவில் தங்கியுள்ளது. வெண்பனியை நேரிற் கண்டிராத இலங்கை வாசகனும் இவ்வளவுகோலைக் கையாளலாம். துகளின் பருமனையோ நிறத்தையோ அவன் அளந்தறிய வேண்டியதில்லை. பீடத்தில் நிற்பவனுக்கு அப்பனி குளிர்கின்றதா என்று பார்த்தாற் போதும்.