படலம்

காலை. ஜன்னல் பாதி திறந்திருக்கிறது. கண்ணாடிக் குவளையில் நீர்த்த பாஸ்பாரிக் அமிலம். பார்வைக்குத் தண்ணீர்தான்.


டைட்டானியத் தகடு இறங்குகிறது. நேர்முனை அதற்கு. எதிர்முனையில் ஓர் எஃகுத் துண்டு.


தகடு சாம்பல் நிறம். அதன்மேல் முன்பே ஒரு படலம் உண்டு, சில நானோமீட்டர் கனத்தில். காற்றிலிருந்து வந்தது. கண்ணுக்கு எட்டவில்லை.


10 வோல்ட். எஃகின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள். தகட்டில் வைக்கோலின் நிறம்.

20. ஊதா.

30. நீலம்.


சாயம் ஏதும் இல்லை. டைட்டானியம் டை ஆக்சைடுக்குத் தனி நிறம் கிடையாது.

ஒளியில் கொஞ்சம் படலத்தின் மேலேயே திரும்புகிறது. கொஞ்சம் உள்ளே இறங்கி, உலோகத்தைத் தொட்டுத் திரும்புகிறது. இரண்டும் சேரும் இடத்தில் சில நிறங்கள் அவிந்துபோகின்றன.

அவியாதது நீலம்.


ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 2 நானோமீட்டர். இந்த நீலத்தின் கனம் 60. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எண்ணைச் சொல்லிப் பார்க்கிறேன். நீலம் அப்படியே இருக்கிறது.


அம்மீட்டர் முள் சாய்கிறது. படலம் தடிக்கத் தடிக்க மின்னோட்டம் மெலிகிறது. வளர்ந்ததே வழியை மறிக்கிறது.

முள் சுழியருகே நிற்கிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் மறுபடி நகரும்.

கூட்டவில்லை.


இத்தாலி, 1826. லியோபோல்டோ நோபிலி ஓர் உலோகத் தட்டை ஈய உப்புக் கரைசலில் வைக்கிறார். தட்டுக்கு எதிரே ஊசிமுனை. மின்சாரம் ஓடுகிறது. முனைக்கு நேரே ஈய டை ஆக்சைடு கனமாகவும், விலக விலக மெலிதாகவும் படிகிறது. தட்டில் வானவில் வளையங்கள்.

அவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று மனம் போகிறது. திரும்பி வருகிறது.


ஜன்னல் கம்பியில் துரு. இரும்பைவிட அதிக இடம் கேட்கிறது அது. பொருக்கு விட்டு உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் ஈரமும் காற்றும் மறுபடி இரும்பைத் தொடுகின்றன.

இங்கே எதுவும் வழியை மறிப்பதில்லை.


வீட்டில் ஒரு செம்பு. கழுத்தடியில் பச்சை. சைவ சித்தாந்தம் ஆணவத்தைச் செம்பின் களிம்புக்கு ஒப்பிடுகிறது: இடையில் வந்ததல்ல, உடன் இருப்பது.

புளி போட்டுத் தேய்க்கையில் களிம்பு அமிலத்தில் கரைந்து போகிறது. உள்ளங்கையில் அதன் வாசனை. தேய்த்த முகத்தில் காற்று அப்போதே வேலையைத் தொடங்கிவிடுகிறது.


கண்ணில் விழும் திரை படலம். காப்பியத்தில் ஒரு பகுதியும் படலம்.


தகட்டை எடுத்துக் கழுவுகிறேன். ஈரத்தில் ஒரு நிறம். ஓரத்திலிருந்து உலர்ந்து வருகிறது இன்னொரு நிறம். நடுவில் ஒரு கோடு, மெல்ல நகர்ந்தபடி.

விரல் பட்ட இடம் மட்டும் வேறாகத் தெரிகிறது. துடைக்கிறேன். நீலம்.


மின்சாரம் நின்றிருக்கிறது. வெளியே யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் ஓசை.


எஃகில் ஒட்டிய ஒரு குமிழி இன்னும் விடுபடவில்லை.