கைப்பணியும் ஈகையும்

புற்றுநோயாற் வருந்துவோர்க்குத் தம் கையாற் செய்த பொருளைக் கொடுத்தல் சிறந்ததோ, அதன் விலையைக் கொடுத்தல் சிறந்ததோ என்னும் வினா நம் ஆசிரியர் சிலரிடையே எழுந்துளது. இதனைச் சிறிது ஆராய்வாம்.

பணமே சிறந்ததென்பார் கூறுவது வருமாறு: இந்நோய்க்கு மருந்து விலை மிகுந்தது, மாணவி ஒருத்தி நான்கு மாலைப்பொழுது இருந்து தைக்கும் தொப்பியை இயந்திரம் சில நிமிடத்திற் செய்து முடிக்கும், ஆதலாற் கைப்பணி கொடுப்போர் மனத்தைக் குளிர்விப்பதன்றி நோயாளர்க்கு ஆவது சிறிதே என்பதாம். இக்கூற்றை எளிதாகத் தள்ளிவிடுதல் கூடாது. 2011 ஆம் ஆண்டிலே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை பலர் கால்நடையாய் வந்து திரட்டிய பொருளன்றோ, 2013 இலே தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலையாய் எழுந்தது? அதற்குமுன் வடபகுதி நோயாளர் பலர் மகரகமைக்குப் போய்வந்து பட்ட வருத்தத்தை அறிந்தோர் பணத்தை இழித்துப் பேசார்.

அற்றேல், கைப்பணிக்கு இடமே இல்லையோ எனின், உண்டு. மார்பிலே இந்நோய் கண்ட பெண்டிர்க்குச் சத்திரசிகிச்சை செய்து, கக்கத்திலுள்ள நிணநீர்க்கணுக்களையும் அகற்றியவிடத்து, கை உடம்பிற் படுந்தோறும் புண் நோகும். அக்கக்கத்தின்கீழ் வைத்தற்கென இருதய வடிவிலே தைத்த சிறு தலையணை ஒன்று உளது. அமெரிக்காவிலே அதனைக் கண்ட டென்மார்க்குத் தாதி ஒருவர் 2006 இலே தம் நாட்டிற்குக் கொண்டுசென்றார். பின்னர்ப் பல நாடுகளிலும் தையல் அறிந்தோர் கூடித் தைத்து விலையின்றிக் கொடுத்து வருகின்றனர். நம் கடைத்தெருவிலே அதனைத் தேடினால் எளிதிற் கிடையாது. விலைக்குக் கிடையாத பொருளுக்குப் பணம் என் செய்யும்?

ஆயினும், கையாற் செய்ததென்னும் ஒன்றே ஒரு பொருளை நற்கொடை ஆக்கிவிடாது. இதனை நாம் பட்டறிந்தோம். சில ஆண்டுகளின்முன் ஒரு பாடசாலையிலே போட்டி வைத்து, பிள்ளைகளைக் கொண்டு கம்பளி நூலிலே தொப்பிகள் பின்னுவித்து, ஒவ்வொன்றிலும் பாடசாலையின் பெயரைக் கொட்டை எழுத்திற் பொறித்து, ஒரு வைத்தியசாலைக்குக் கொடுத்தோம். படமும் எடுத்துக்கொண்டோம். மறுமுறை போனபோது அவை அலுமாரியிலே மடித்தபடி கிடந்தன. தாதியார் நம்மைக் கடிந்தாரல்லர். மயிர் உதிர்ந்த தலைத்தோல் தொட்டாலே நோகும் என்றும், கம்பளி அரிக்கும் என்றும், சித்திரை வெயிலில் இதனை அணிவார் யார் என்றும் பொறுமையாகவே சொன்னார். பின்னுவதற்குமுன் ஒருவரையேனும் கேட்டோமா என நினைந்து நாணினோம்.

மென்பருத்தித் துணியே தொப்பிக்கு ஏற்றது. தையல் விளிம்பு தோலிற் படலாகாது. மருந்தினால் வெள்ளணுக்கள் குறைந்தோர்க்குச் சிறு கிருமியும் பெருந்தீங்கு செய்யுமாதலின், எதனையும் கழுவி உலர்த்தியே கொடுத்தல் வேண்டும். தலையணைக்கு நம்மூர் இலவம்பஞ்சு கழுவினாற் கட்டிபட்டுப் போம். கழுவத்தகும் செயற்கைப் பஞ்சே நன்று. (இலவம்பஞ்சை விடுவதற்கு நமக்கும் மனமில்லைதான்.) அதனையும் இறுகத் திணித்தால், கை உயர்ந்து வலியே மிகும்.

இவற்றுக்குப் புள்ளி இடலாமோ என ஓர் ஆசிரியை கேட்டார். தையலுக்கு இடுக, ஈகைக்கு இடுதல் தகாதென்பது நம் கருத்து. புள்ளிக்காக இரங்கப் பழகிய பிள்ளை, புள்ளி இல்லாவிடத்து என் செய்யும்? பெயர் பொறித்தலும் அத்தகையதே. நோயிற் கிடப்பவர் நம் பாடசாலையின் பெயரைத் தலையிற் சுமக்கவேண்டுமென எதிர்பார்ப்பது, கொடுத்த பொருளுக்கு வாடகை கேட்பதாகும்.

இம்முறை தையல் தொடங்கிய அன்று, ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, “ஆருடைய தலைக்கு அளவெடுக்கிறது, ரீச்சர்?” என்று கேட்டாள். ஆசிரியை நம்மை நோக்கினார். நம்மிடமும் விடை இருக்கவில்லை. மறுநாள் அவள் தன் அம்மம்மாவின் தலைக்கு அளவெடுத்து, அதனைக் கடுதாசித் துண்டொன்றில் எழுதிக்கொண்டு வந்தாள்.