இளைய ஔவை

நடிகையாகச் சென்னைக் கலைக் குழுவில் வளர்ந்து இயக்குநரானவர் அ. மங்கை, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகவும் இருந்தவர். பெண்சிசுக் கொலையைப் பேசிய ‘பச்ச மண்ணு’ நாடகத்தைக் கிராமங்களுக்கே கொண்டுபோனார். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது, கவிஞர் இன்குலாப் எழுதி மங்கை இயக்கிய ‘ஔவை’ நாடகம்.

நெல்லைச் சீமையில் செவ்வாய் இரவுகளில் பெண்கள் ஔவையார் நோன்பு நோற்பார்கள். உப்பில்லாக் கொழுக்கட்டை, ஆண்பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. அந்த ஔவை கிழவி. 1953-இல் கே.பி. சுந்தராம்பாள் திரையில் நிலைநிறுத்தியதும் கிழவியைத்தான். மங்கையின் ஔவையோ இளையவள். பாணரோடு ஊர் சுற்றுகிற சங்கப் புலவர், மன்னன் அதியமானோடு கள் அருந்தும் தோழி. பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவிகள் இந்த ஔவையை ஒருமுறையாவது மேடையேற்ற வேண்டும் என்பது என் தீராத ஆசை.