பரிசும் உரிமையும்

கால் நடவாத ஒருவருக்குக் குறை எங்கே இருக்கிறது? காலில் இருக்கிறது என்று யோசியாமலே விடை சொல்லிவிடுவோம். அவ்விடை பாதி உண்மையே. மற்றப் பாதி எங்கேயுள்ளது என்பதை ஒரு வீராங்கனையின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வோம்.

வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகரில் 1969ஆம் ஆண்டு பிறந்தவர் டானி கிரே தாம்சன். முதுகெலும்பு கருவிலேயே முற்றும் மூடிக்கொள்ளாத பிறவிக்குறை அவருக்கு இருந்தது. சிறு வயதிலேயே கால்கள் செயலற்றன. சக்கர நாற்காலியே துணையாயிற்று. இத்தகைய குழந்தைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவது அக்காலத்தில் எங்கும் பரவியிருந்த வழக்கம். பெற்றோர் அதற்கு இணங்கவில்லை. அதிகாரிகளோடு வாதாடி, மற்றப் பிள்ளைகள் பயிலும் பள்ளியிலேயே மகளைச் சேர்த்தனர். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று அச்சிறுமி ஒரு பதக்கமும் பெற்றவளல்லள். பெறுவாள் என்று அறிந்தவரும் எவருமிலர். அவள் ஒரு குழந்தை. அந்த ஒரு தகுதியை வைத்தே பெற்றோர் வழக்காடினர்.

அவர் பின்னர்ப் புகுந்த துறையின் வரலாறும் அறியத்தக்கது. முதுகுத்தண்டு முறிந்தவர்களைப் படுக்கையிற் கிடத்திச் சாவை எதிர்நோக்கியிருந்த காலம் ஒன்றுண்டு. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையிலிருந்த டாக்டர் லுட்விக் குட்மான் அதனை ஏற்கவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கிய அன்றே, தம் மருத்துவமனையில் உடற்குறையுடையோர் 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960இல் ரோம் நகரில் அது பல நாட்டார் கூடும் பெரும் பந்தயமாயிற்று. இன்று பாராலிம்பிக் என வழங்குவது அதுவே.

பந்தய நாற்காலி, நாம் மருத்துவமனையில் காணும் நாற்காலியன்று. பின்னே இரண்டு பெரிய சக்கரங்கள் சாய்வாகப் பொருந்தியிருக்கும். முன்னே நீண்ட சட்டத்தின் நுனியில் ஒரு சிறிய சக்கரம் இருக்கும். தடித்த கையுறை அணிந்து, சக்கரத்தை ஒட்டிய வளையத்தைக் கையால் அறைந்து அறைந்து ஓட்டவேண்டும். தோளும் மார்பும் மூச்சும் ஆண்டுக்கணக்காகப் பழகினாலன்றி அது கைகூடாது.

டானி 1988இல் சியோலில் பெற்றது ஒரே ஒரு வெண்கலம். 1992இல் பார்ஸலோனாவில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். 1996இல் அட்லாண்டாவில் ஒரு தங்கம், மூன்று வெள்ளி. 2000இல் சிட்னியில் 100, 200, 400, 800 மீட்டர் ஆகிய நான்கு பந்தயங்களிலும் அவரே முதல்வர். 2004இல் ஏதென்ஸில் 800 மீட்டர்ப் பந்தயத்தில் பின்தங்கினார். ஆயினும் மனந்தளராது 100, 400 மீட்டர்ப் பந்தயங்களில் தங்கம் வென்றார். ஆக ஐந்து பாராலிம்பிக்குகளில் 16 பதக்கங்கள். அவற்றுள் 11 தங்கம். லண்டன் மாரத்தான் பந்தயத்தில் ஆறு முறை வாகை சூடினார். 2007இல் ஓய்வுபெற்றார். 2010 முதல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் உறுப்பினர்.

இனி இரண்டு காட்சிகளைப் பாருங்கள்.

சிட்னியில் நான்கு தங்கம் வென்ற அதே 2000ஆம் ஆண்டின் இறுதியில், ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரர்களைப் போற்ற பி.பி.சி. விழா எடுத்தது. டானிக்கு மூன்றாமிடம் கிடைத்தது. பரிசளிக்க மேடை இருந்தது. மேடைக்குப் படி இருந்தது. சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை மட்டும் இல்லை. நாடே போற்றிய வீராங்கனை மேடையேறாமல் கீழிருந்தபடியே பரிசை ஏற்றார்.

இரண்டாவது காட்சி 2024 ஆகஸ்டில் நிகழ்ந்தது. பாரிஸ் பாராலிம்பிக் பந்தயத்துக்குச் செல்லும் வழியில் அவர் இரவு ரெயிலில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையம் வந்து சேர்ந்தார். நாற்காலியை இறக்க உதவியாள் வரவேண்டும். காத்திருந்தார், எவரும் வரவில்லை. முடிவில் தாமே தரையில் தவழ்ந்து ரெயிலை விட்டிறங்கினார். இரண்டு காட்சிகளுக்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன!

சமமான ஓடுதளத்தில் அவரை வெல்ல ஆளரிது. ஒரு படிக்கட்டின் முன்னோ அவரே தடைப்பட்டு நிற்கிறார். உடல் இரண்டிடத்தும் ஒன்றே. மாறியது தரைதான். ஆகவே குறையின் மற்றப் பாதி படியிலே இருக்கிறது. படியைக் கட்டியவர் கருத்திலே இருக்கிறது. படியை நீக்கினால் நோயும் வலியும் நீங்கிவிடும் என்று சொல்லவில்லை. இயற்கை தந்த துன்பத்தின்மேல் மனிதர் ஏற்றிவைத்த துன்பத்தை மனிதரே இறக்கலாம் என்றே சொல்லுகிறோம்.

உடற்குறையுடையோரை நோக்கும்போது நாம் இரண்டு தவறுகள் செய்கிறோம். ஒன்று, "ஐயோ பாவம், முன்வினைப் பயன்" என்று இரங்கிவிட்டு அகலுதல். வினையின்மேற் பழியைப் போட்டுவிட்டால் கொத்தனாரை அழைக்கும் வேலை நமக்கில்லையன்றோ? மற்றது, டானி போன்றவரைக் கண்டு வியந்துவிட்டு, வெற்றி பெறாத ஏனையோரைப் பார்த்து, "அவர் சாதித்தாரே, உனக்கென்ன?" என்று கேட்டல். முன்னது இழிவுபடுத்துகிறது. பின்னது புகழ்வது போலத் தோன்றினும் கொடியது. ஒருத்தியின் பதக்கத்தைக் கொண்டே ஆயிரம் பேரின் வாயை அடைக்கிறது.

"சிலருக்காக இத்தனை செலவா?" என்பார் உண்டு. கால் வலிமையுள்ள நாமும் மேல்மாடிக்குத் தாவி ஏறுவதில்லை. நம் கால்கள் எட்டாத உயரத்தை எட்டுவதற்கு நாம் அமைத்துக்கொண்ட உதவியே படிக்கட்டு. அதனைச் செலவென்று எவரும் முணுமுணுத்ததில்லை. ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தால்தான் உனக்குப் படி கட்டுவோம் என்று நம்மை எவரும் கேட்டதுமில்லை. நம்மைக் கேளாத கேள்வியை அவர்களை மட்டும் கேட்பது எந்த நியாயம்?

திறமையால் பெறுவது பரிசு. அது சிலருக்கே உரியது. மனிதராய்ப் பிறந்தமையால் பெறுவது உரிமை. அது எல்லோர்க்கும் உரியது. வென்றால்தான் வாசல் திறக்கும் எனின், அவ்வாசல் உரிமையன்று. பரிசளிக்க முந்துகின்ற கைகள் உரிமையளிக்கத் தயங்குவது ஏன்? பரிசு கொடுப்பவன் பெரியவனாகத் தோன்றுகிறான். உரிமை கொடுப்பவனோ, இதுவரை கொடாதிருந்த குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவனாகிறான்.

அன்பர்களே! நம் சங்கக் கட்டிடத்துக்கும் நூல்நிலையத்துக்கும் கோவிலுக்கும் திருமண மண்டபத்துக்கும் எத்தனை படிகள் என்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்து லயத்தில், அஞ்சடிக்குப் பின்னுள்ள அறையில், வெளிவரமுடியாத ஒரு குழந்தை இருக்கலாம். அக்குழந்தை ஒரு பதக்கமும் பெற்றதில்லை. ஒருவேளை என்றும் பெறாமலே போகலாம். அதன் பொருட்டு அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, ஒரு சரிவுப் பாதை வேண்டுமென்று கேட்பவர் நம்மில் யார்?