காலி உறை யாருக்குச் சொந்தம்?

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் மக்கள் வெள்ளம் திரள்கிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடி, உடல் குளிர்ந்து, உளம் மகிழ்ந்து திரும்புகின்றனர். அவர்கள் சென்ற பின்னும் செல்லாமல் பாறை இடுக்கில் தங்கிவிடுவன சில உண்டு: ஷாம்பு உறை, எண்ணெய்ப் பொட்டலம், தின்பண்டப் பை. அடுத்த வெள்ளம் அவற்றைச் சிற்றாற்றில் தள்ளுகிறது. ஆறு தென்காசிக்கும், அதற்கப்பால் தாமிரபரணிக்கும் சுமந்து செல்கிறது.

"குளிக்க வந்தவனுக்குப் பொறுப்பில்லை" என்று ஏசுகிறோம். பொறுப்பில்லைதான், மறுக்கவில்லை. அருவிகளில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் கூடாதென்று 2014-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்ததும் சரியே. ஆனால், குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவன் குளிப்பவன் ஒருவன்தானா?

அந்த உறையை எடுத்துப் பாருங்கள். பல அடுக்குகள், எளிதில் பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டவை. பழைய பொருள் வாங்குவோர் அதைச் சீந்துவதில்லை. மண்ணும் அதைச் செரிப்பதில்லை. இப்படித்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? ஒரு ரூபாய்க்கு ஷாம்பு வாங்கிய ஏழையா? விற்ற பெட்டிக்கடைக்காரரா? இல்லை, உற்பத்தியாளர்! முடிவெடுக்கும் உரிமை எவரிடம் இருக்கிறதோ, அம்முடிவின் விளைவும் அவரையே சேரும். இஃது அறத்தின் அரிச்சுவடி.

நடப்பதோ வேறு. இலாபம் ஆலைக்கு, குப்பை ஊருக்கு, அதை அள்ளும் வேலை, தலைமுறை தலைமுறையாக எந்த மக்களின் தலையில் சாதி அதைச் சுமத்தியதோ, பெரும்பாலும் அந்த மக்களுக்கு. அவரவர் வினைப்பயனை அவரவர் அனுபவிப்பர் என்று போதித்த நாட்டில், ஒருவர் வினையை வேறொருவர் குனிந்து பொறுக்குகிறார்!

"சிதறிய உறைகளைத் திரட்ட முடியுமா?" என்று கேட்போர் உண்டு. நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. 1983-இல் கடலூரில் தொடங்கிய 'சிக்' ஷாம்பு நிறுவனம், எந்த ஷாம்பின் உறையாயினும் ஐந்து காலி உறை தந்தால் ஓர் உறை இலவசம் என்று பின்னர் அறிவித்தது. உறைகள் திரும்பி வந்தன, விற்பனையும் வளர்ந்தது. சந்தையைப் பிடிக்க முடிந்த செயல், ஊரைக் காக்க முடியாததாகிவிடுமா? நீலகிரியில் 2022-இல், நீதிமன்ற ஆணையின்பேரில், டாஸ்மாக் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டி வந்ததும் திருப்பித் தரும் முறை தொடங்கியது. புட்டிக்கு ஒரு நீதி, உறைக்கு ஒரு நீதியா?

சட்டம் இல்லாமலில்லை. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இலேயே உற்பத்தியாளர்மீது பொறுப்பைச் சுமத்தின; 2022-இல் வந்த திருத்தம் அளவும் ஆண்டும் குறித்தது. ஆயினும், வேறெங்கோ மறுசுழற்சி செய்தவரிடம் சான்றிதழை விலைக்கு வாங்கியும் கடமையை முடித்துக்கொள்ள அது இடம் தருகிறது. கணக்கு நேராகிவிடும், குற்றாலத்துப் பாறையில் உறை அப்படியே கிடக்கும்! பரிகாரம் செய்து பாவம் கழிக்கும் பழைய வித்தைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

விலை ஏறுமே என்பர். விலை இன்றும் கொடுக்கப்படுகிறது, நண்பர்களே! ஊரார் வரியாக, ஆற்றின் நலிவாக, துப்புரவுத் தொழிலாளியின் முதுகுவலியாக. மறைந்திருக்கும் அவ்விலையை உற்பத்தியாளர் கணக்கில் எழுதச் சொல்கிறோம். பருவந்தோறும் அருவிக்கரையில் உறைகளைத் திரும்பப் பெறட்டும். திரட்டித் தருவோர்க்குக் கூலி கொடுக்கட்டும். அது கட்டாதெனில், உறையை மாற்றட்டும்.

உறைமேல் தம் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்கிறார்கள். பொருள் உள்ளே இருக்கும்வரை பெருமை பேசும் அந்தப் பெயர், பொருள் தீர்ந்த பின் பொறுப்பையும் பேசவேண்டும். அதைக் கேட்பது நம் உரிமை. கேட்காதிருப்பது நம் குற்றம்.