நிற்கும் வண்டியும் நிலைத்த சித்தமும்

ஜீவர்களுக்கு நேரும் தாபங்களை ஆத்யாத்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூவகையாகப் பெரியோர் வகுத்தனர். தன் உடலிலும் உள்ளத்திலும் தோன்றுவது முதலாவது. பிற பிராணிகளால் வருவது இரண்டாவது. மழை, வெள்ளம் முதலாகத் தெய்வ சங்கற்பத்தால் வருவது மூன்றாவது. தாம்பரத்திலிருந்து கிண்டி நோக்கிக் காலையில் அலுவலுக்குச் செல்பவர் சாலையில் படும் பாடு இவற்றுள் எதைச் சேர்ந்தது என வினவினால், இரண்டாவதே என்று எவரும் தயங்காமல் விடையளிப்பர். முன்னே அசையாத லாரி, குறுக்கே நுழையும் ஆட்டோ, காரணமின்றி அலறும் ஹாரன் ஆகிய யாவும் பிறரால் வருவன அன்றோ! ஆயினும், முன் நிற்கும் வண்டி தமக்குத் தடையாவது போலத் தம் வண்டியும் பின்னிருப்பவர்க்குத் தடையே என்பதை நினைப்பவர் அரியர்.

நிற்கும் அந்த வேளையில் அவர் கைப்பேசியில் செய்திகளைக் காண்கிறார். எங்கோ யுத்தம், எங்கோ வெள்ளம், எங்கோ குழந்தைகளின் பசி. இவற்றின் முன்னே அரை மணித் தாமதம் ஒரு துன்பமா என்ற கேள்வி எழுகிறது. தன்னினும் துயருற்றோரை எண்ணி ஆறுதல் கொள்க என்று கூறுவாரும் உளர். அவ்வாறுதல் தர்மத்துக்கு ஒத்ததுதானா என்பது ஆராயத்தக்கது. அண்டை வீடு எரியும் வெளிச்சத்தில் தன் வீட்டு வரவுசெலவைப் பார்த்து மகிழ்வதை எவர் மெச்சுவர்? பாம்பின் வாய்ப்பட்ட தவளையின் குரல் கேட்டுக் கூரத்தாழ்வான் மூர்ச்சித்தார் என்பது பெரியோர் வழங்கும் வரலாறு. அவர் அத்துன்பத்தை நிறுத்துப் பார்த்து, தவளையினுடையது ஆதலின் சிறிது என்று தள்ளவில்லை. பரதுக்கத்தை அளவுகோலாகக் கொள்பவர்க்கும், அதனைத் தம்முடையதாகக் கொள்பவர்க்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

சாலை வெறுமையாகிவிட்டால் சுகம் என்று எண்ணியோர்க்கு 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் தொடங்கிய ஊரடங்கு அவ்வெறுமையைக் காட்டியது. அண்ணா சாலையில் வண்டிகள் இல்லை, கடைகள் அடைபட்டன, திருக்கோயில்களுக்குள் அடியார்கள் செல்ல இயலவில்லை. அவ்வாண்டுச் சித்திரையில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளவும் இல்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும், காய்கறி மூட்டையும், கூலிக்குப் போகும் கைகளும் சேர்ந்ததே நெரிசல் என்பது அப்போது பலருக்கு விளங்கிற்று. இதனால் பள்ளம் விழுந்த சாலையைப் பூஜிக்க வேண்டும் என்பதில்லை. செப்பனிடக் கடமைப்பட்டவர்களைக் கேட்கத்தான் வேண்டும்.

2019-இல் காஞ்சியில் அத்திவரதர் ஜூலை முதல் நாள் தொடங்கி 48 நாட்கள் ஸேவை ஸாதித்தபோது, மணிக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் அலுத்துக்கொள்ளவில்லை. சாலையில் பத்து நிமிஷம் பொறாதவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். கால் வலி இரண்டிடத்தும் ஒன்றே. சித்தம் பற்றியிருந்த பொருள் வேறு. எனினும் பக்தி ஒன்றே பொறுமையைத் தந்துவிடும் என்று எண்ணற்க. அவ்விழாவின் நெரிசலிலும் உயிரிழந்தோர் உண்டு.

துயரச் செய்தி எங்கோ தொலைவில் பிறப்பது என்று கருதுவதும் பிழை. 2022-ஆம் ஆண்டில் பாரதத்தின் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. தமிழகத்தில் மட்டும் 17,884 பேர். இவர்களுள் எத்தனை பேர், யாரோ ஒருவர் ஐந்து நிமிஷத்தை மிச்சப்படுத்த முயன்றதால் மாண்டனரோ! யுத்தத்தை நிறுத்தும் அதிகாரம் வண்டியில் அமர்ந்திருப்பவர்க்கு இல்லை. ஒரு முழம் ஒதுங்கும் அதிகாரம் உண்டு. காலையில் செய்தி கேட்டுக் கண் கலங்கியவர், அடுத்த சந்திப்பில் சிவப்பு விளக்கை மதியாது பாய்வாராயின், அக்கண்ணீர் எதன் பொருட்டு?

2008-ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ்கள் ஓடுகின்றன. அதன் ஒலி பின்னே கேட்டதும், நெடுநேரம் நின்ற பேருந்து இடப்புறம் சாய்ந்து ஒதுங்குகிறது. ஆட்டோ நடைபாதையோரம் ஏறுகிறது. ஸ்கூட்டரில் இருப்பவர் இறங்கித் தள்ளுகிறார். ஊசி நுழையவும் இடமில்லை என்று தோன்றிய இடத்தில் ஒரு வழி பிறக்கிறது. ஆம்புலன்ஸ் கடந்ததும் அவ்வழி மூடிக்கொள்கிறது. அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு விரையும் இருவர் மூவரும் எப்போதும் உண்டு.